ஏழு கட்டை

– இல்ல டெல்சி, நீ அவன்கிட்ட தெளிவாச் சொல்லிடு. மைக்குக்கு முன்னாடி நான் பாடிட்டிருக்கும்போது அவனோட மாண்டலின் தலை என் மூஞ்சிப் பக்கமே வரக்கூடாது. மிச்சம் இருக்கிற பல்லாவது எனக்கு வேணும்.

– அண்ணே, அவன் இதே பஸ்ஸுல உனக்கு எதிர் சீட்டுலதான் உக்காந்து தின்னுட்டிருக்கான். நீ சொல்றது அவன் காதுல விழாதா?

– விழுந்தா விழட்டும். நான் அவன்கிட்டப் பேசல. உன்கிட்டப் பேசுறேன்.

– என் தலையெழுத்து! டேய் எஸ்டில், அண்ணன் சொல்றாரு, மாண்டலினைக் கொஞ்சம் பாத்துப் பிடிப்பா தம்பின்னு.

– 'தம்பி'ங்கிறது அவர் வாயிலேர்ந்து வரல அக்கா, சத்தியமா வரல. அது நீ ஊத்தின தேன். அவர்கிட்டச் சொல்லு, அன்னிக்கு அது என் முறை. நான் வாசிக்க உள்ள வர்றேன், அவர் வெளிய போகணும். போகாம அங்கயே பனைமரமாட்டம் நின்னா பல்லு போகாம என்ன செய்யும்?

– எனக்கு இன்னும் ஒரு வரி பாக்கி இருந்துச்சு டெல்சி! ஒரு முழு வரி!

– பாக்கியெல்லாம் ஒண்ணும் இல்ல அக்கா. அவருக்கு மைக்கை விட்டு நகர மனசு வரல. அவ்ளோதான்.

– போதும் நிறுத்துங்க! ஒரு பல்லு. ஒரே ஒரு பல்லு. அதுக்காக ஆறு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரி. காப்பிக்குச் சர்க்கரை போதுமான்னு கேக்கவும் நான் வேணும், ஜன்னலைச் சாத்துன்னு சொல்லவும் நான் வேணும். ஏன் அண்ணே, உனக்கு வயசு அம்பது தாண்டிடுச்சு. இவனுக்கு ரெண்டு பிள்ளைங்க. ஊரு சிரிக்காதா?

– ஊரு சிரிச்சா என்ன, டிக்கெட் வாங்கிட்டுத்தானே சிரிக்குது.

– அண்ணே, விளையாடாத. நான் சொல்றதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க, ரெண்டு பேரும். மேடைக்குப் பின்னால நிக்குதே ஒரு லாரி, அதுக்குள்ள டேப் மிஷின் ஏத்தி வந்திருக்காங்க. நாஷ்வில்லேருந்து ரெக்கார்டு கம்பெனிக்காரங்க வந்திருக்காங்க. அந்தக் கம்பெனி வாசப்படியை நான் எத்தனை தடவை மிதிச்சேன்னு எனக்குத்தான் தெரியும். 'உங்க ஆளுங்க நல்லாப் பாடுவாங்கம்மா, ஆனா மேடையிலயே அடிச்சுக்கிற அண்ணன் தம்பியை நம்பி எப்படி ரெக்கார்டு போடுறது'ன்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டாங்க. தலை குனிஞ்சு வந்தேன். இந்தத் தடவை அவங்களே வந்திருக்காங்க. இன்னைக்கு மத்தியானம் நாம வாசிக்கிற கச்சேரி, அதுதான் ரெக்கார்டு. நடுவுல நின்னா மறுபடி முதல்லேருந்து எல்லாம் கிடையாது. நம்மளுது கெட்டுப்போனா அடுத்து ஏறுற கோஷ்டியைப் பதிவு பண்ணிட்டு அவங்க பாட்டுக்குப் போயிடுவாங்க.

– அது யாரு அக்கா அடுத்த கோஷ்டி?

– ஓஹையோவுலேருந்து வந்த பசங்க. எல்லாரும் ஒரே மாதிரி பச்சைக் கோட்டு.

– பச்சைக் கோட்டா! அவனுங்க டிரம் வேற வச்சிருக்கானுங்க டெல்சி, நான் பாத்தேன். மலைப்பாட்டுக்கு டிரம்மு! எங்கப்பா இருந்திருந்தா துப்பாக்கியை எடுத்திருப்பாரு.

– அதைத்தான் சொல்றேன். நம்ம ஹேசல் ஃபோர்க் பள்ளத்தாக்குப் பாட்டைப் பதிவு பண்ண வந்த டேப்புல பச்சைக் கோட்டு டிரம் ஏறணுமா? அதுக்கா நான் இவ்வளவு பாடுபட்டேன்? டேப் மிஷினைப் பாத்துக்கிற அந்தக் கண்ணாடிக்காரர் ஆளுக்கு ஒரு மைக்கு வைக்கிறேன்னு அஞ்சு மைக்கைத் தூக்கிட்டு வந்தாரு. 'ஐயா, எங்களுக்கு ஒண்ணே ஒண்ணு போதும், அதைச் சுத்தித்தான் நாங்க ஆடுவோம்'னு சொல்லி ஒரு மணி நேரம் சண்டை போட்டேன்.

– அந்தாளு என்ன சொன்னாரு அக்கா?

– 'ஒத்த மைக்குன்னா பின்னாடி எதையும் சரிபண்ண முடியாதும்மா, ஒருத்தர் கால் இடறினாலும் ரெக்கார்டுல கேக்கும்'னாரு. எங்க காலு இடறாதுன்னு சொல்லியிருக்கேன். என் மானத்தைக் காப்பாத்துங்கப்பா.

– அக்கா, நான் ஒண்ணு கேக்கவா? நீயும் ஒரு பாட்டு பாடேன்.

– ஆரம்பிச்சுட்டியா?

– சத்தியமா சொல்றேன், சர்ச்சுல நீ குரலெடுத்தா கூரை ஓடு கழண்டுக்கும். அந்தக் குரலை வச்சுக்கிட்டு ஆளு உசரத்துக்கு ஒரு பேஸ் வயலினுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறியே, வயிறு எரியுது.

– போஸ்டர்ல என்னடா போட்டிருக்கு? ராட்லிஃப் சகோதரர்கள். சகோதரின்னு போட்டிருக்கா? மைக்குக்கு முன்னாடி நிக்கிற ஆளுக்குத்தான் என் முறை உன் முறைன்னு சண்டை வரும். நான் சண்டையை விலக்குற ஆளு. நானும் முன்னாடி வந்துட்டா விலக்க யாரு இருக்கா? என் இடம் பின்னாடி. பேச்சை விடு.

– அவன் சொல்றது எப்பவும் தப்பாவே இருந்தாலும் இந்த ஒண்ணு சரிதான் டெல்சி. நான் ஒண்ணும் சொல்லல, ஆனா...

– ஆனாவும் வேணாம் ஆவன்னாவும் வேணாம் அண்ணே. கடைசிப் பாட்டு 'சுரங்க வாசல்'. எப்பவும் ஆறு கட்டையில பாடுவோம். எஸ்டில், உனக்குப் போன வாரம் சளி பிடிச்சிருந்துச்சு. இன்னைக்கு அஞ்சரைக்கு இறக்கிக்கலாமா?

– வேணாம் அக்கா, ஆறு!

– ஆறுதான் டெல்சி! இறக்கவே கூடாது!

– அடேங்கப்பா. ஆறு வருஷத்துல இன்னைக்குத்தான் ரெண்டு பேரும் ஒரு விஷயத்துல ஒத்துப்போறீங்க. நான் எங்கயாவது குறிச்சு வச்சுக்கணும்.

– நான் அவனோட ஒத்துப்போகல. பாட்டோட ஒத்துப்போறேன்.

– சரி சாமி. ஒரு விஷயம் மட்டும் மறந்துடாதீங்க, நான் வழக்கமாச் சொல்றதுதான். மைக்குக்கு முன்னாடி காலியா இருக்கக்கூடாது. ஒருத்தர் விலகினா அடுத்தவர் உள்ள. அடுத்தவரால முடியலைன்னா பக்கத்துல யாரு நிக்கிறாங்களோ அவங்க உள்ள. கோவம், தாபம், பல்லு, மூக்கு எல்லாம் மேடைக்குக் கீழ. மைக்கு பசிச்ச குழந்தை மாதிரி, யாராவது ஊட்டிக்கிட்டே இருக்கணும்.

– புரியுது அக்கா.

– எனக்கும்தான்.

– இன்னொண்ணும் சொல்லிடுறேன், அப்புறம் டெல்சி சொல்லாமப் போயிட்டான்னு பேச்சு வரக்கூடாது. என் சபதம் உங்களுக்குத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் நேருக்கு நேரா ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசின அன்னிக்கு நான் இந்த பேஸை இந்த பஸ்ஸுலயே படுக்க வச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவேன். உங்களைப் பிடிச்சு வைக்கத்தான் நான் இந்தப் பேய் பஸ்ஸுல ஊர் ஊராச் சுத்துறேன். அங்க எங்க வீட்டுக்காரரு தேன்பெட்டிகளோட தனியாக் கிடக்காரு. மனுசன் இப்பல்லாம் தேனீகிட்டப் பேசுறாரு. போன மாசம் போனப்ப ராணித்தேனீக்கு என் பேரு வச்சிருக்காரு!

– நாங்க பேசுறதாவது! காக்கா வெள்ளையாகட்டும், அப்பப் பேசுறேன் டெல்சி.

– காக்கா வெள்ளையானாலும் நான் பேசமாட்டேன்னு அவர்கிட்டச் சொல்லு அக்கா.

– நல்லா இருங்கப்பா. வாங்க, கூப்பிடுறாங்க. லூத்தரும் ஆர்லியும் ஏற்கனவே மேடைப் படியில நிக்கிறாங்க. தொப்பியை நேராப் போடு அண்ணே. டேய், வாயைத் துடை, மஸ்டர்டு ஒட்டியிருக்கு.

*

– சௌக்கியமா எல்லாரும்? கென்டக்கியிலேருந்து யாரு வந்திருக்கீங்க? அம்மாடியோவ், என்னா சத்தம்! வர்ஜீனியா? அதுவும் பரவால்ல, பாவம். நாங்க ராட்லிஃப் சகோதரர்கள். நான் ஹோபர்ட், கிட்டாரு. அதோ பாஞ்சோவுல லூத்தர், வயலின்ல ஆர்லி. பின்னாடி பேஸ் வாசிக்கிறது எங்க தங்கச்சி டெல்சி, நாங்க இத்தனை வருஷம் ஒருத்தரை ஒருத்தர் கொல்லாம இருக்கிறதுக்கு இவதான் காரணம். மாண்டலின் வாசிக்கிற ஆளு பேரு... டெல்சி, அவன் பேரு என்ன?

– எஸ்டில், அண்ணே. உன் கூடப் பொறந்தவன்.

– ஆங், அதேதான். சனங்க சிரிக்குது பாரு.

– அக்கா, அவர்கிட்டச் சொல்லு, கிட்டாரைப் பிடிச்சிருக்கிற அந்தக் கிழவன் யாருன்னு நானும் கேக்குறேன்னு.

– மைக்குல கேக்குதுடா! டேப் ஓடுது! வாசிங்க ரெண்டு பேரும், உங்களைக் கும்பிடுறேன்.

*

– அண்ணே, இதுவரைக்கும் தங்கம். சத்தியமாத் தங்கம். ஒருத்தர் காலைக் கூட ஒருத்தர் மிதிக்கல. லாரிக் கதவுல அந்தக் கண்ணாடிக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறாரு. இன்னும் ஒரே ஒரு பாட்டு. மலைச்சரிவு முழுக்க எழுந்து நிக்குது பாரு.

– பாத்தேன் டெல்சி. இதோ கடைசிப் பாட்டு சனங்களே! சுரங்க வாசல்ல விளக்கோட நின்னு, உள்ள போன புருசனை மேலே வா மேலே வான்னு கூப்பிடுற ஒரு பொம்பளையோட பாட்டு. எங்க பள்ளத்தாக்குல இதைப் பாடாத வீடு கிடையாது. ஒண்ணு, ரெண்டு...

– அண்ணே! அண்ணே, இது என்ன சுருதி? ஏழு! ஏழு கட்டையில எடுத்துட்ட! கழுத்துல மாட்டின கேப்போக் கவ்வியைப் பாரு, ரெண்டாவது மெட்டுல இருக்க வேண்டியது நாலாவதுல கிடக்கு!

– ஐயய்யோ.

– ஐயய்யோவா? நிறுத்தாத! டேப் ஓடுது! வாசி, கை நிக்கக் கூடாது! டேய் எஸ்டில், ஏழுல உன்னால மேல் குரல் எடுக்க முடியுமா?

– சளி, அக்கா...

– அண்ணே, நீ?

– என் தொண்டை இதுக்குப் பொறக்கல டெல்சி.

– ஐயோ சாமி, அப்போ யாரு பாடுறது? அறிமுகம் முடியப் போகுது! ஆர்லி, இன்னொரு சுத்து வயலினை இழுடா! டேய், எங்கடா போற? ஏன் பின்னாடி வர்ற? மைக்கு காலியா இருக்குடா! அண்ணே, நீயும் நகர்ந்துட்டியா? பாவிங்களா, மைக்கு காலி! அத்தனை சனம் பாக்குது, மைக்கு காலி!

– அக்கா!

– நகரு, நகருடா, பேஸை இழுத்துட்டு வரணும், இந்தப் பிசாசு என்னா கனம், வழிவிடு!

*

– ரெக்கார்டு போச்சு. மண்ணோட மண்ணாப் போச்சு. என் மூஞ்சியைப் பாக்காதீங்க ரெண்டு பேரும். நான் இந்த லாரிப் படியிலயே உக்காந்திருக்கேன். உள்ள வந்து கேக்க எனக்குத் தெம்பு இல்ல.

– அக்கா, அந்தாளு டேப்பைத் திருப்பிட்டாரு. வா, கேளு. இந்தா, இந்தக் கோலாவைக் குடி முதல்ல.

– ஆறு வருஷம் காத்திருந்து, கெஞ்சிக் கூத்தாடி, ஒரு தடவை லாரி வருது. அந்த ஒரு தடவை ஒரு கேப்போ இடம் மாறிப் போச்சு. பொறந்த நாள்லேருந்து அந்தக் கேப்போவை மாட்டுறியே அண்ணே, கை மறந்துடுச்சா? நான் வேற நடு மேடையில பேஸை இழுத்துட்டு ஓடினேன். சண்டைக்குப் போற எருமை மாதிரி இருந்திருக்கும்.

– நான் ஒண்ணும் சொல்லல டெல்சி. நீ உள்ள வந்து கேளு.

– சரி. கேட்டுட்டு அழுதுக்கிறேன். போடுங்க ஐயா.

– கேக்குதா அக்கா, இதோ அவர் கிட்டாரு. இந்த இடத்துலதான் நீ 'ஏழு ஏழு'ன்னு கத்துன.

– அது கூடவா விழுந்திருக்கு?

– லேசாத்தான். யாரோ எண்ணுற மாதிரி இருக்கு. இப்ப ஆர்லி. இன்னொரு சுத்து. இப்போ... கேளு.

– இது யாரு?

– யாருன்னா கேக்குற டெல்சி! நீதான்!

– சும்மா இரு அண்ணே. கேக்க விடு. 'சுரங்க வாசலில் நிக்கிறேன், விளக்கு கையில எரியுது'... ஐயோ, எவ்வளவு மேல போறேன்!

– பாத்துக்கோ அக்கா, இங்க. 'மேலே வா'. இதோ. ஆம்பளைங்க நாங்க இந்த வரியை எத்தனை வருஷமாப் பாடியிருப்போம். பொம்பளை கூப்பிடுற வரி இது. பொம்பளை கூப்பிட்டாத்தான் உள்ள போனவன் மேல வருவான்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

– முன் வரிசையில ஒரு சுரங்கக்காரக் கிழவன், தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு நின்னான் டெல்சி. குலுங்கிக் குலுங்கி அழுதான்.

– நான் யாரையும் பாக்கல அண்ணே. கண்ணை மூடிட்டேன். பயத்துல.

– இப்ப இது அக்கா. உன் குரலுக்குக் கீழ, இதோ, நாங்க ரெண்டு பேரும் வந்து சேர்றோம். மூணு குரல்!

– ஆமா... ஆமா. எப்போ வந்தீங்க? உன் தோள் என் தோள்ல இடிச்சது ஞாபகம் இருக்கு. இது என்ன சத்தம்? மழை பிடிச்சுக்கிச்சா?

– கைதட்டல் அக்கா. பாட்டு முடியறதுக்கு முன்னாடியே.

– இவ்வளவா?

– கேட்டுட்டே இரு. நிக்காது. அந்தாளு டேப் தீர்ற வரைக்கும் விட்டிருக்காரு. பச்சைக் கோட்டுக்காரனுங்க மேடைக்கு ஏற முடியாம படியிலயே கால் மாத்தி நின்னானுங்க. 

– என்ன ஐயா சொல்றீங்க? மெதுவாச் சொல்லுங்க... நிசமாவா? அண்ணே, இவரு சொல்றது காதுல விழுந்துச்சா? ரெக்கார்டு போடுறாங்களாம்! கச்சேரி முழுசும்! ஒரு பாட்டையும் கழிக்கலையாம். இதுதான் முதல் பாட்டா வரணுமாம்! கம்பெனிக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லப் போறாராம்! ஐயோ, எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னு தெரியலையே!

– ரெண்டும் பண்ணு டெல்சி, யாரு கேக்கப் போறா! நாஷ்வில்லு நம்ம வாசலுக்கு வந்துடுச்சு! வூஊ! டேய் எஸ்டில், கேட்டியாடா?

– கேட்டேண்ணே! முதல் பாட்டுண்ணே!

– டேய்! இருங்க!

– என்ன அக்கா, ஏன் அப்படிப் பாக்குற?

– இப்ப என்ன சொன்ன?

– யாரு, நானா?

– அண்ணன் உன்னைக் கூப்பிட்டாரு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. நீ 'அண்ணே'ன்னு பதில் சொன்ன. நேருக்கு நேரா! நடுவுல நான் இல்லாம! ஆண்டவரே, உமக்குத் தோத்திரம்! பேசிட்டீங்களே! ரெண்டு எருமைங்களும் பேசிட்டீங்களே! வாங்க இங்க, ரெண்டு பேரும் வாங்க, கட்டிக்கிறேன். எங்கப்பன் இருந்து இதைப் பாக்கலையே!

– அதான் பேசியாச்சே, விடு டெல்சி. மூச்சு முட்டுது.

– விடுறேன். எல்லாத்தையும் விடுறேன். ரெக்கார்டும் வந்துடுச்சு, நீங்களும் பேசிட்டீங்க. என் வேலை முடிஞ்சுது. அந்த பேஸை பஸ்ஸுல படுக்க வச்சுட்டு சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடுறேன். ராணித்தேனீகிட்ட என் பேரைத் திருப்பி வாங்கணும்.

– அக்கா, அப்படிச் சொல்லாத. இவரு இன்னொரு ரெக்கார்டு வேணும்ங்கிறாரு, நீ பாடுறது...

– வார்த்தைன்னா வார்த்தைதான் எஸ்டில். நான் சொன்னதைச் செய்யுறவ. சந்தோசமாப் போறேன்டா, அழாத. தப்பா மாட்டின ஒரு கேப்போ, நான் ஆறு வருஷமாப் பண்ண முடியாததைப் பண்ணிடுச்சு. தப்புக்கும் ஒரு நேரம் இருக்கு போல. ஐயா, போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை போடுங்க. முதல்லேருந்து. இந்தத் தடவை பயப்படாமக் கேக்குறேன்.

– வேணாம் டெல்சி, அந்தாளுக்கு வேலை இருக்கும்.

– ஒரு தடவைதானே அண்ணே. நீ ஏன் பதறுற? ம்ம்... உன் கிட்டாரு. நல்லாத்தான் வாசிச்சிருக்க, ஏழா இருந்தாலும். இதோ பாஞ்சோ. லூத்தர் கை என்னமாச் சுத்துது...

– அக்கா, வெளிய ஆப்பிள் பணியாரம் சுடச்சுட விக்கிறாங்க, வா போகலாம்.

– இரு. நிறுத்துங்க ஐயா. கொஞ்சம் பின்னாடி போங்க. அந்த இடம். பாஞ்சோ உள்ள வர்ற இடம்.

– என்ன டெல்சி அதுல?

– அண்ணன் தப்பா ஏழுல எடுத்தாரு. சரி. எனக்கு பேஸுல கேப்போ கிடையாது, விரலை மாத்தினாப் போதும். ஆர்லிக்கும் அப்படித்தான். ஆனா லூத்தர்? பாஞ்சோவுக்குக் கேப்போவை மாத்தணும். அதோட முடியுமா? அந்தக் குட்டித் தந்தி, அஞ்சாவது, அதைத் தனியா ஏத்திக் கட்டணும். நின்னு முறுக்கி, டிங்கு டிங்குன்னு தட்டிப் பாத்து. இங்க டிங்கு எங்க? முதல் தட்டுலேயே சுத்தமா ஏழுல வந்து விழுறானே!

– லூத்தர் கெட்டிக்காரன் டெல்சி.

– கெட்டிக்காரன்தான், ஜோசியக்காரன் இல்லையே! அவன் முன்கூட்டியே ஏழுக்குக் கட்டி வச்சிருந்திருக்கான். அப்போ இது தப்பு இல்ல. அண்ணே, என் கண்ணைப் பாரு. எஸ்டில், நீ எங்க நழுவுற, இங்க வா. உன் சளியும் பொய்யா?

– கொஞ்சம் நிஜம் அக்கா.

– வேணும்னே ஏழுல எடுத்தீங்க. வேணும்னே ரெண்டு பேரும் மைக்கை விட்டு விலகினீங்க. காலியா விட்டா நான் ஓடி வருவேன்னு தெரிஞ்சு விட்டீங்க! என் சட்டத்தை வச்சே என்னைப் பிடிச்சீங்க! அடப்பாவிங்களா! ரெக்கார்டைப் பணயம் வச்சா?

– நீ வருவேன்னு எங்களுக்குத் தெரியும் டெல்சி. அது பணயமே இல்ல.

– இரு இரு. ஒண்ணு இடிக்குது. இவ்வளவு பெரிய திட்டம். நீ கேப்போவை மாத்தணும், இவன் பின்வாங்கணும், லூத்தர் தந்தியைக் கட்டணும், அப்புறம் எந்த வரியில நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து கீழ்க்குரல் குடுக்கணும்னு குறிச்சு வைக்கணும். இதையெல்லாம் பேசாம முடிவு பண்ண முடியாது. ஆனா உங்களுக்குள்ள போற ஒவ்வொரு சேதியும் என் வாய் வழியாத்தானே போகுது? நான் இதைக் கொண்டுபோகலையே! அப்புறம் யாருடா உங்களுக்குச் சேதி கொண்டுபோனது?

– அண்ணே, சொல்லிடலாமா?

– நீயே சொல்லுடா. என்னால முடியாது.

– அக்கா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பனியில பஸ் சிக்கினப்ப நீ உள்ள தூங்கிட்டிருந்த, நாங்க ரெண்டு பேரும் தள்ளினோமே, அன்னிக்கே பேசிட்டோம். பேசினா நீ வீட்டுக்குப் போயிடுவேன்னுதான் அப்பலேருந்து உன் முன்னாடி மட்டும் பேசல.